தொட்டுப் பார்க்க விடும் கடை: நாகர்கோவிலில் ஊர்வன விற்கும் ஓரிடம்

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், வண்ண மீன்களும் பறவைக் கூண்டுகளும் விற்கும் ஒரு கடை இருக்கிறது. அதன் பின்கட்டில், எப்போதும் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும் ஓர் அறையில், வெளிநாட்டுப் பாம்புகளும் பல்லிகளும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. கடந்த அக்டோபரில் தொடங்கி இதுவரை ஏழு முறை என் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்திருக்கிறேன். மார்ச் மாதத்தில் ஒரு பாம்பும் வாங்கினோம். வாங்குவதற்கு முன்னும் பின்னும் நான் கண்டது, நம் மாவட்டத்தில் இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கடையின் முன்பகுதியைப் பற்றி எனக்குக் கடுமையான குறை உண்டு. அதைக் கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன் என்பதால், கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஊர்வன விற்கும் கடையை விலையையும் சுத்தத்தையும் மட்டும் வைத்து எடைபோட முடியாது என்பது என் எண்ணம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பாம்பு வாங்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு வருவதில்லை. ஏதோ ஓர் ஈர்ப்பு மனத்தில் முளைவிட்டு, அது என்னவென்று தமக்கே இன்னும் விளங்காத நிலையில் வருகிறார்கள். அந்த முளையைக் கடைக்காரர் அன்றைக்கே காசாக்கப் பார்க்கிறாரா, அல்லது அது தானாக வேர்பிடிக்கிறதா என்று பொறுத்திருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பால் பைத்தான் என்னும் பந்து மலைப்பாம்பு, நன்றாக வளர்த்தால் 20 முதல் 30 ஆண்டுகள்வரை வாழக்கூடியது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் ஒருநாள் ஆசையை நம்பி அப்படியோர் உயிரை விற்பது சரியாகாது.

என் மகளுக்கு இது ஒரு பாம்புச் சட்டையில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதச் சாரல் விட்டிருந்த ஒரு காலையில், தக்கலைக்கு அருகே எங்கள் விளையில் அடுக்கிவைத்திருந்த காய்ந்த ஓலைக்கட்டை நான் இழுத்தபோது, அடியிலிருந்து நீளமாக ஒரு சட்டை வந்தது. சாரைப் பாம்பினுடையதாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் அதைப் படிப்புரைத் திண்ணையில் நீட்டிவைத்துத் தையல் நாடாவால் அளந்தாள். 172 சென்டிமீட்டர் இருந்தது. முதுகுப் பக்கத்தில் சாய்சதுரமாகச் சிறுசிறு செதில்களும், வயிற்றுப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அகலமான பட்டைகளும் இருப்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். தலைப்பகுதியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லாமல், கண்ணாடிச் சில்லு போல வட்டமாகத் தெளிந்த இரண்டு செதில்கள் இருந்தன. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணைக் காப்பது அந்தச் செதில்தான், சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்தே கழன்றுவரும் என்பதை அன்று மாலை இருவரும் படித்துத் தெரிந்துகொண்டோம். "அப்போ அது கண்ணையும் சேர்த்துத்தான் புதுசாக்கிக்கிடுதா அப்பா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் பாம்புகள் வரத் தொடங்கின.

ஊர்ப் பெயரிலேயே நாகத்தை வைத்திருப்பவர்கள் நாம். நாகராஜா கோவிலில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடி நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்ற வரிசையில் நிற்கிறோம். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் இன்றும் சர்ப்பக்காவுகள் இருக்கின்றன. அதே கையால், முற்றத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு ஊர்ந்தாலும் கம்பை எடுத்துவிடுகிறோம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு விரியனைப் பற்றிய அச்சம் அன்றாடப் பிழைப்போடு ஒட்டியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. கும்பிடுவதற்கும் அடிப்பதற்கும் நடுவே, பாம்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் இருந்தது. பள்ளிச் சுற்றுலாவில் திருவனந்தபுரம் உயிரியல் பூங்காவுக்குப் போனால் ஊர்வன இல்லத்தைப் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அங்கே அனகொண்டாக்கள் வந்தபோது நம் மாவட்டத்திலிருந்தும் பலர் போனார்கள். ஆனால் அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, பின்னால் வரும் வரிசைக்கு வழிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பாம்புகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் பலருடைய தொடக்கத்தைப் பார்த்தால், சிறு வயதில் கைக்கு எட்டிய ஓர் உயிரும் தடுக்காத ஒரு வீடும் இருந்திருப்பது தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வினுக்கு ஆறாவது பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தது ஒரு மலைப்பாம்பு. சென்னை கிண்டியில் 1972ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் பாம்புப் பண்ணையையும், 1976இல் முதலைப் பண்ணையையும் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர், கொடைக்கானல் விடுதியில் படித்த நாட்களில் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்தவர். இவர்களை முன்மாதிரியாகக் காட்டி யாரையும் பாம்பு வாங்கத் தூண்டுவது என் நோக்கமில்லை. பார்ப்பதால் மட்டும் இந்த ஆர்வம் நிலைப்பதில்லை, தொடுவதால்தான் அது உறுதிப்படுகிறது அல்லது அங்கேயே முடிந்துபோகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கடையின் சிறப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. பின்னறைக்குள் நுழைவதற்கு முன் ஒரு கைகழுவும் தொட்டியும் சோப்பும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கழுவியே ஆக வேண்டும். போகும்போது கழுவுவது, மீன் பொரித்த வாடையோ கோழி வாடையோ கையிலிருந்தால் பாம்பு அதை இரை என்று நினைத்துவிடக்கூடும் என்பதற்காக. வரும்போது கழுவுவது, ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும் என்பதற்காக. கடைக்காரர் நாற்பது வயதைத் தாண்டாதவர். என் மகளைத் தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். "மக்களே, பிடிக்கக் கூடாது. கையை மட்டும் கொடு, அது பிடிச்சுக்கிடும்" என்று சொல்லி, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பந்து மலைப்பாம்பை அவளுடைய முன்கைமீது வைத்தார். பாம்பு வழவழவென்று ஈரமாக இருக்கும் என்றுதான் அவளும் நானும் நினைத்திருந்தோம். அது உலர்ந்து, நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய தோல்வாரைப் போல இருந்தது. முதலில் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொண்டது; அப்படிப் பந்தாகச் சுருள்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். மூன்று நான்கு நிமிடங்கள் யாரும் அசையாமல் இருந்த பிறகு, நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது, பிறகு தலை வந்தது, பிறகு உடல் முழுவதும் அலையாக இறுகித் தளர்ந்து அவள் முழங்கையைச் சுற்றி நகர்ந்தது. அந்த நான்கு நிமிடங்களை அவசரப்படுத்தாமல் விட்டதற்காகவே இந்தக் கடைக்கு நான் மதிப்பளிக்கிறேன். கடைக்காரர் அந்த நேரத்தில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

பால் பைத்தான் என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தாயார் அதைக் கேட்டதும் பால் குடிக்கும் பாம்பு என்றே எடுத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களில் பலரும் அப்படியே கேட்கிறார்களாம். அந்தப் 'பால்' பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பாலைச் செரிக்கும் உடலமைப்பு எந்தப் பாம்புக்கும் இல்லை. இந்த இனத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும் ஆகும்; நஞ்சில்லாதது; முழு வளர்ச்சியில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர்வரை நீளும்.

அறையிலுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. குஞ்சு பொரித்த தேதி, கடைசியாக எடைபோட்ட தேதி, எடை, கடைசியாக இரை எடுத்த நாள், எடுக்காமல் விட்ட நாட்கள், கடைசியாகச் சட்டை உரித்த நாள் ஆகியவை கையெழுத்தில் இருக்கும். எடுக்காமல் விட்ட நாட்களையும் மறைக்காமல் எழுதிவைத்திருப்பது எனக்குப் பிடித்தது, ஏனெனில் இந்த இனம் காரணமே தெரியாமல் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட உண்ணாமல் இருக்கும் இயல்புடையது, அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாத வீட்டில் பெரும் கலவரம் ஆகிவிடும். ஒரு பெட்டியிலிருந்து அன்று காலை உரித்த சட்டையை எடுத்து, என் மகளிடம் கொடுத்து, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவள் எதுவும் பேசாமல் தலைப்பகுதியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு கண் செதில்களும் வந்திருந்தன. அவை வராமல் பாம்பின் கண்மேலேயே ஒட்டிக்கொண்டால் பெட்டியில் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். அதற்குமேல் அவர் அவளைச் சிறு பிள்ளையாக நடத்தவில்லை; வளர்க்கப் போகிறவளிடம் பேசுவதைப் போலவே பேசினார்.

அன்று நான் வாங்கத் தயாராகவே போயிருந்தேன். அவர் விற்கவில்லை. முதல் வருகையில் பாம்பு விற்பதில்லை என்பது அந்தக் கடையின் வழக்கம். பெட்டியையும் வெப்பமூட்டியையும் முதலில் வாங்கி, பாம்பு இல்லாமலேயே 3 வாரம் ஓடவிட்டு, காலையும் மாலையும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறுமுனையில் 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் ஈரப்பதத்தை எப்படிக் கூட்டுவது என்று சொல்லித்தருகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற நம் மாவட்டத்தில், ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் அதை எப்படிக் குறைப்பது என்பதே கவலை, ஏனெனில் விரிப்பு நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும், மூச்சுத்தொற்றும் வரும். விரிப்பை எத்தனை நாளுக்கொருமுறை வெயிலில் காயவைப்பது, எறும்பு ஏறாமல் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் எப்படி நிறுத்துவது என்று நம் ஊருக்குப் பொருந்தும்படி அவர் சொன்னவை எந்த வீடியோவிலும் இல்லாதவை.

காத்திருந்த நேரங்களில் அங்கே வந்த மற்றவர்களிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு செவிலியர் படிப்பு மாணவியின் தந்தை ரப்பர் பால் வெட்டுபவர். அவரை ஒருமுறை விரியன் கடித்து, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் 6 நாட்கள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பாம்பு என்ற சொல்லே நடுக்கம் தந்திருக்கிறது. தோழியோடு மீன் வாங்க வந்தவள், வாசலில் நின்று பார்த்து, அடுத்த முறை உள்ளே வந்து, அதற்கடுத்த முறை விரல் நுனியால் தொட்டிருக்கிறாள். இன்றுவரை எதுவும் வாங்கவில்லை; வாங்கப்போவதும் இல்லை. ஆனாலும் கடைக்காரர் அவளை வேண்டாத வாடிக்கையாளராக நினைப்பதில்லை. கடைக்காரர் தாமும் வேறொரு வழியில் வந்தவர். ஷார்ஜாவில் வேலைபார்த்தபோது, அறையில் உடன் தங்கியிருந்தவர் லெப்பர்ட் கெக்கோ என்னும் புள்ளிப் பல்லி ஒன்றை வளர்த்திருக்கிறார். அவர் விடுமுறையில் ஊருக்குப் போன 40 நாட்களும் அதற்குப் புழு போடும் பொறுப்பு இவருக்கு. இரவு வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டால் அது தலையைத் தூக்கிப் பார்க்குமாம். "அந்த அறையில எனக்குன்னு காத்துக்கிட்டு இருந்தது அது ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார். இன்னொரு நாள், கைப்பேசியில் பார்த்துவிட்டு அனகொண்டா வேண்டும் என்று வந்த கல்லூரி இளைஞர் ஒருவரை, அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசி வெறுங்கையோடு அனுப்பினார். அச்சத்திலிருந்தும், தனிமையிலிருந்தும், வீரத்தைக் காட்டும் ஆசையிலிருந்தும் இந்த ஆர்வம் பிறக்கிறது என்பதையும், எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேருவதில்லை என்பதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் வருகையில் இரை கொடுப்பதைக் காட்டினார். வளர்க்க விரும்பும் பலருடைய ஆர்வம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நின்றுவிட்டால் அதுவும் நல்லதே, வாங்கிய பிறகு நிற்பதைவிட முன்பே நிற்கட்டும். உறைந்த எலியை முதல்நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கொடுப்பதற்கு முன் வெந்நீரில் உடல் சூடு வரும்வரை வைத்து, துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். பந்து மலைப்பாம்பின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. வெப்பத்தை உணரும் உறுப்புகள் அவை. ஆறிப்போன எலியைப் பாம்பு முகர்ந்துவிட்டு ஒதுங்கியதையும், அதையே மறுபடி சூடாக்கி நீட்டியதும் நொடியில் பாய்ந்து மூன்று சுற்றுச் சுற்றியதையும் அடுத்தடுத்து காட்டினார். உயிரோடு எலியை விட்டால், அது திருப்பிக் கடித்துப் பாம்பைக் காயப்படுத்திவிடும் என்பதால் அதை அவர் செய்வதில்லை. இரை எடுத்த பின் 2 நாட்களுக்குப் பாம்பைத் தூக்கக் கூடாது. மீன் வைக்கும் குளிர்ப்பெட்டியில் எலி வைக்க என் மனைவி உடன்படவில்லை. நியாயமான எதிர்ப்பு அது. 4,000 ரூபாய்க்கு ஒரு பழைய சிறு குளிர்ப்பெட்டியைத் தனியாக வாங்கிய பிறகே வீட்டில் சம்மதம் கிடைத்தது.

உறைந்த எலி விற்பனையில் இந்தக் கடை நம்பத்தக்கதாக இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து வரவழைக்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் 16 நாட்கள் சரக்கே இல்லை. குட்டிப் பாம்புக்கு வாரம் ஒருமுறை இரை வேண்டும். குறைந்தது 2 மாதத்துக்குரியதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றி இவர்கள் நேர்மையாகப் பேசுகிறார்கள். நல்ல பாம்பு, சாரை, மண்ணுளி, நம் காட்டு மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை என நம் நாட்டு ஊர்வன எதையும் தனியார் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பெரிய பணம் தருவதாக மண்ணுளிப் பாம்பைக் கேட்டு இந்தக் கடைக்கும் ஆட்கள் வந்ததாகவும், வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது கணக்கு உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2024இல் வந்த விதிகளின்படி, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவுசெய்ய வேண்டும். புதிதாகப் பெற்றால் 30 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். பந்து மலைப்பாம்பும் பச்சை இகுவானா என்ற பெரிய மரப் பல்லியும் அந்தப் பட்டியலில் அடங்கும். எங்களுக்குக் கடைக்காரரே கணினியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். விற்பனைத் தாளில் பாம்பின் பிறப்பு விவரமும் அவருடைய பதிவு எண்ணும் இருந்தன. தாள் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

விலை குறைவில்லை. எங்கள் பாம்புக்கு 14,000 ரூபாய், பெட்டிக்கு 8,500, வெப்பப் பாயும் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து 3,600, அளவிகள் 700. தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாயை மட்டும் வாங்கிச் செலவைக் குறைக்க நான் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். கட்டுப்பாடில்லாத பாய் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும் என்றார். நிறத்துக்கேற்ப விலை ஏறும் வகைகளும் இருக்கின்றன. அவற்றில் 'ஸ்பைடர்' என்ற வகையை அவர் வைத்திருப்பதில்லை. அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு தலை ஆடும் நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருவதால், கேட்டு வருகிறவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்கிறார்.

லெப்பர்ட் கெக்கோக்கள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை அதற்கு உண்டு, சுவரில் ஏறாது, வாலில் கொழுப்பைச் சேமிக்கும். எலி வேண்டாம் என்னும் வீடுகளுக்கு அதுவே பொருத்தம். பச்சை இகுவானாவை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கையளவுக் குட்டியாக விற்கப்படுவது ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரும். புற ஊதா விளக்கு இல்லாவிட்டால் எலும்பு வளைந்துபோகும். செம்பருத்தி இலையும் முருங்கைக்கீரையும் நம்மிடம் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதற்காக ஒரு மரத்து உயிரைத் தொட்டியில் அடைக்க முடியாது. கடையில் அதை வைத்திருக்கும் தொட்டியும் போதாது.

என் பெரிய குறை கடையின் முன்பக்கத்தில் இருக்கிறது. பணம் வாங்கும் மேசைக்கு அருகே, பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட வட்டக் கிண்ணத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய சிவப்புக் காது ஆமைக்குஞ்சுகள் மிதக்கின்றன. இணை 300 ரூபாய். பின்னறையில் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட அங்கே யாரும் கேட்பதில்லை. "இவ்வளவுதான் வளரும்" என்று அங்கே நிற்கும் உதவியாளர் ஒரு தாயிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அது பொய். அந்த ஆமையின் ஓடு 20 சென்டிமீட்டரைத் தாண்டும், பெண் ஆமைகளுக்கு 30 சென்டிமீட்டர்வரை போகும். 30 ஆண்டுகள் வாழும். வடிகட்டியும் வெப்ப விளக்கும் பெரிய தொட்டியும் வேண்டும். குழந்தைகள் வாயில் வைத்துச் சால்மொனெல்லா தொற்றியதால், 4 அங்குலத்துக்கும் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே தடைசெய்தார்கள். பின்னறை வாசலில் இருக்கும் கைகழுவும் தொட்டி இந்தக் கிண்ணத்தின் அருகே இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் வேறொரு கடையில், என் மூத்த மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது இதே ஆமை. மூன்றே ஆண்டில் அது சாப்பாட்டுத் தட்டளவு ஆகி, தொட்டி நாறத் தொடங்கியதும், வாழட்டும் என்று நினைத்து எங்கள் ஊர்க் குளத்தில் விட்டேன். அது நம் குளத்து உயிரினங்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும் அயல் இனம் என்று அப்போது எனக்குத் தெரியாது. குளங்களாலேயே வயல் விளைந்த மாவட்டம் இது. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைக்கும் வேம்பனூருக்கும் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்திருக்கிறது. அந்தக் குளங்களில் போய்ச் சேருவது இப்படி விற்கப்படும் 300 ரூபாய் ஆமைகள்தான். என் மகனுடைய ஆர்வமும் அன்றோடு போய்விட்டது. அவனுக்கு அதை யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை, நானும் சொல்லித்தரவில்லை. பின்னறையில் அவ்வளவு பொறுப்பாக இருப்பவர் முன்மேசையில் இதை ஏன் அனுமதிக்கிறார் என்று கேட்டேன். கடை வாடகை அந்தக் கிண்ணத்திலிருந்துதான் வருகிறது என்றார். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது, ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிண்ணத்துக்கு மேலே ஆமையின் முழு வளர்ச்சி அளவில் ஒரு படத்தை ஒட்டி, 30 ஆண்டுகள் என்று எழுதிவைக்கவாவது கேட்டுக்கொண்டேன். கடைசியாகப் போனபோதும் படம் ஒட்டப்படவில்லை.

வாங்கிய பின் கிடைத்த உதவியில் குறையில்லை. ஜூன் மாதத்தில் ஒரு மழை இரவில் எங்கள் பகுதியில் 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. பெட்டியின் சூடான முனை 25 டிகிரிக்குக் கீழே இறங்கியபோது இரவு 11 மணி. மகள் அழத் தொடங்கிவிட்டாள். தொலைபேசியில் அழைத்ததும் கடைக்காரர் எடுத்தார். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு முனையில் வைக்கவும், இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றவும், அந்த வாரம் இரை கொடுக்காமல் இருக்கவும் சொன்னார். உடல் சூடு இல்லாவிட்டால் பாம்புக்கு இரை செரிக்காது, கக்கிவிடும். மறுநாள் காலை அவரே அழைத்து விசாரித்தார். ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவருக்குத் திருவனந்தபுரம்வரை போக வேண்டியிருக்கும் என்பதையும் விற்பதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

போக விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். மீன் வாங்கும் கூட்டத்தில் பின்னறையைத் திறக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் மாலைகளில் 4 மணிக்குமேல் அவருக்கு நேரம் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது முன்மேசையில் நிற்காமல் நேராக உள்ளே போய்விடுங்கள், வாங்காமல் திரும்புகிற முடிவோடு முதல்முறை போங்கள்.

சென்ற மாதம் எங்கள் பாம்பின் கண்கள் பால்படிந்ததுபோல நீலம் பூத்தன. ஐந்தாம் நாள் தெளிந்தன. அதற்கும் மூன்று நாட்கள் கழித்து, காலையில் பெட்டியைத் திறந்தபோது தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னால் சட்டை முழுதாகக் கிடந்தது. மகள் பள்ளிச் சீருடையோடு அதை எடுத்து விரித்தாள். ஓலைக்கட்டுச் சட்டையைத் திண்ணையைத் தாண்ட விடாத என் தாயார், அடுக்களையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, "கண்ணு ரெண்டும் வந்திருக்கா பாரு" என்றார்.